பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸில் ஒர்க்ஃப்ளோ: கொள்முதல் பில் யார் மேசையில் நிற்கிறது?

#1 பனியன்காரன்

வணக்கம். திருப்பூரில் ஒரு சின்ன ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற பாவத்துக்கு ஐடி வேலையும் என் தலையில்தான். மூன்று மாதத்துக்கு முன் சும்மா கிடந்த டெஸ்க்டாப் ஒன்றில் டாக்கர் போட்டு, காகிதங்களை ஸ்கேன் செய்து சேமித்துத் தேடித் தரும் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் மென்பொருளை ஏற்றினேன். ஸ்கேன், தேடல் எல்லாம் அருமை. போன வருடத்து நூல் பில் ஒன்றை முதலாளி கேட்டார், அவர் வாய் மூடுவதற்குள் எடுத்துக் கொடுத்தேன். வந்தது வினை. "பில் வந்ததுல இருந்து பணம் போற வரைக்கும் எல்லாமே இதுலயே ஓடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பில் போகும் வழி இது. குடோனில் சரக்கு இறங்கும். ஸ்டோர் கீப்பர் டெலிவரி சலானோடு எடை பார்த்து பில்லின் பின்னால் கையெழுத்துப் போடுவார். மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) பி.ஓ.வை, அதாவது நாங்கள் கொடுத்த கொள்முதல் ஆர்டரை, வைத்து ரேட் பார்ப்பார். அப்புறம் கணக்கு, டாலியில் ஏறும். கடைசியில் முதலாளி ஒப்புதல், பணம். நூல், அக்சசரீஸ் பில்கள் ஒரு பக்கம். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் பில்கள் இன்னொரு பக்கம். மாதம் 400 வரும்.

போன வாரம் உட்கார்ந்து 11 ஒர்க்ஃப்ளோ, அதாவது 'இது நடந்தால் அதைச் செய்' என்ற விதிகள், எழுதினேன். பாதி ஓடவே இல்லை, ஓடிய பாதி தப்பாக ஓடியது. உதாரணத்துக்கு, கன்சம்ப்ஷன் ஸ்டார்ட்டட் ட்ரிகரில் (ட்ரிகர் என்றால் விதியை ஏவும் தருணம்) ஃபைல் பெயர் கட்டத்தில் "டையிங்" என்று கொடுத்து, வந்தால் ஜாப் ஒர்க் டேக் போடச் சொன்னேன். ஒன்றுக்குக்கூட போடவில்லை. டையிங் பில்லில் அந்தச் சொல் கொட்டை எழுத்தில் இருக்கிறது! எங்கே தப்பு?

#2 சர்வர்சாமி

வணக்கம் நண்பரே. தப்பு சின்னதுதான், எல்லோரும் ஒருமுறை விழுந்து எழுந்த குழி.

கன்சம்ப்ஷன் ஸ்டார்ட்டட் என்பது உங்கள் கம்பெனி கேட்டில் நிற்கும் வாட்ச்மேன். பார்சல் எந்த வண்டியில் வந்தது, எந்த கேட் வழியாக வந்தது, மேலே என்ன பெயர் ஒட்டியிருக்கிறது, இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பிரித்துப் பார்க்கும் உரிமை கிடையாது. அந்த நேரத்தில் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது) ஓடியிருக்காது, பில்லுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று மென்பொருளுக்கே தெரியாது. அங்கே வடிகட்ட முடிவது நாலே விஷயம்: வந்த வழி (மென்பொருள் கவனிக்கும் கன்சியூம் போல்டரா, அப்லோடா, மெயிலா), ஃபைல் பெயர், பாதை, எந்த மெயில் ரூல். உங்கள் ஸ்கேனர் கொடுக்கும் ஃபைல் பெயரைப் பாருங்கள். தேதியும் வரிசை எண்ணும்தானே இருக்கும்? அதில் "டையிங்" எங்கிருந்து வரும்?

டாக்குமென்ட் ஆடட் என்பது குடோனில் பார்சலைப் பிரித்து எண்ணி முடித்த பிறகு. எழுத்து படிக்கப்பட்டிருக்கும், தானாகப் பொருந்தும் டேக், கரஸ்பாண்டன்ட் (பில் அனுப்பியவர்) எல்லாம் ஏறியிருக்கும். பில்லில் உள்ள சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்றால் ஒர்க்ஃப்ளோ இங்கேதான் இருக்க வேண்டும்.

டாக்குமென்ட் அப்டேட்டட், யாராவது கை வைக்கும் ஒவ்வொரு முறையும். ஷெட்யூல்ட், ஒரு தேதியிலிருந்து இத்தனை நாள் முன்போ பின்போ.

இன்னொன்று. யூடியூபில் பழைய வீடியோ பார்த்து எழுதினீர்களா? 2.0 பதிப்பில் கன்சம்ப்ஷன் டெம்ப்ளேட் என்று ஒன்று இருந்தது. 2024 ஜனவரியில் 2.3 வந்தபோது அது போய் ஒர்க்ஃப்ளோ ஆனது. மெயில் அனுப்புவது, வெப்ஹுக், ஷெட்யூல் எல்லாம் 2.14இல்தான் சேர்ந்தன. வீடியோவில் இருக்கும் பட்டன் உங்கள் திரையில் இல்லை என்றால் காரணம் இதுதான்.

ஸ்கேனரில் எத்தனை ஷார்ட்கட் பட்டன் வைக்கலாம்?

#3 பனியன்காரன்

அண்ணா, வாட்ச்மேன் கதை நன்றாகப் புரிந்தது. வீடியோ பார்த்துத்தான் எழுதினேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்கேனரில் ஆறு பட்டன் வைக்கலாம். ஆனால் இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று. "ஒப்புதலுக்கு" என்ற டேக் இருந்தால் முதலாளிக்கு மெயில் போக வேண்டும் என்று அப்டேட்டட் ட்ரிகரில் வைத்தேன். ஒரே நூல் பில்லுக்கு 9 மெயில் போயிருக்கிறது. "நூல் மில்காரனே இத்தனை தடவை கேக்கல, நீ ஏன்டா கேக்குற" என்று திட்டு.

#4 சர்வர்சாமி

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

நடந்தது இதுதான். டேக் போட்டதும் ஒரு மெயில். அப்புறம் நீங்களே பில் எண்ணில் ஒரு எழுத்தைத் திருத்தினீர்கள், இரண்டாவது மெயில். தலைப்பை மாற்றினீர்கள், மூன்றாவது. டேக் அங்கேயே இருக்கிறது, ஆகவே ஒவ்வொரு சேமிப்புக்கும் நிபந்தனை பொருந்துகிறது. மென்பொருள் நீங்கள் சொன்னதைத்தான் செய்தது.

வழி: நிலையைக் காட்டும் டேக்கையும் வேலை ஏவும் டேக்கையும் பிரியுங்கள். "ஒப்புதலுக்கு" நிலை. "மெயில்-போடு" ஏவல். ஒர்க்ஃப்ளோ "மெயில்-போடு" டேக்கை மட்டும் பார்க்கட்டும். அதே ஒர்க்ஃப்ளோவில் முதல் ஆக்ஷன் மெயில், இரண்டாவது ஆக்ஷன் ரிமூவல், அந்த டேக்கைக் கழற்றிவிடுவது. டோக்கன் மாதிரி. ஒருமுறை கொடுத்தால் கிழிந்துவிடும். அதற்கப்புறம் பில்லை நூறு முறை திருத்தினாலும் மெயில் போகாது.

பட்டன் விஷயம்: கன்சியூம் போல்டருக்குள் "கொள்முதல்", "ஜாப்-ஒர்க்", "சலான்" என்று உள் போல்டர்கள் வையுங்கள். உள் போல்டர்களையும் பார்க்கும் ரிகர்சிவ் அமைப்பை ஆன் செய்ய மறக்காதீர்கள். ஸ்கேனரில் ஒரு போல்டருக்கு ஒரு பட்டன். பாதையை வைத்து வாட்ச்மேனே டாக்குமென்ட் டைப் போட்டுவிடுவார், ஓசிஆரை நம்ப வேண்டியதில்லை. காகிதத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அது என்ன காகிதம் என்று ஏற்கெனவே தெரியும். அவர் ஒரு பட்டனில் சொல்லிவிடுவதை மென்பொருளை விட்டு ஊகிக்க வைப்பது எதற்கு?

ஸ்கேனர் சேமிப்பது நெட்வொர்க் டிரைவில் என்றால் போலிங்கும் (போல்டரை அவ்வப்போது தானே போய்ப் பார்ப்பது) ஆன் ஆக வேண்டும். நெட்வொர்க் வழியாக வரும் ஃபைல் பல நேரம் மென்பொருளின் காதில் விழாது.

#5 ஈரோட்டுக்கணக்கர்

தம்பி, நான் வரி ஆலோசகர், மென்பொருள் ஆள் இல்லை. எங்கள் அலுவலகத்திலும் இதே பேப்பர்லெஸ்தான். எல்லோரும் ஒப்புதல், மெயில் என்று பேசுகிறீர்கள். உங்களுக்கு உண்மையில் பணத்தை மிச்சப்படுத்துவது ஷெட்யூல்ட் ட்ரிகர். திருப்பூர் கம்பெனி என்பதால் மூன்று கெடு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஜாப் ஒர்க். டையிங்குக்கோ நிட்டிங்குக்கோ சலானில் அனுப்பிய நூலோ துணியோ ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே நீங்கள் அதைச் சப்ளை செய்ததாகக் கணக்கு, வரி கட்ட வேண்டும். எங்கள் கட்சிக்காரர் ஒருவர் 14 மாதம் கழித்து ஒரு சலானைத் தேடிக் கண்டுபிடித்தார், ஒரு பில்லுக்குப் பின்னால் பின் குத்தி இருந்தது. சலானை ஸ்கேன் செய்து, தேதியிலிருந்து 330ஆவது நாளில் நினைவூட்டச் சொல்லுங்கள்.

இரண்டு, 180 நாள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் போகாவிட்டால், நீங்கள் எடுத்த இன்புட் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கான கழிவு) வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்ததும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வட்டி போனது போனதுதான்.

மூன்றாவதுதான் இப்போது எல்லோரையும் கடிக்கிறது. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்த உற்பத்தியாளர், ஜாப் ஒர்க்காரர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் அந்தச் செலவை அந்த வருடத்தில் கழிக்க முடியாது, கொடுத்த வருடத்தில்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இங்கே ஒன்று கவனியுங்கள். இந்த 45 நாள் பில் தேதியிலிருந்து எண்ணுவது இல்லை, சரக்கை நீங்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. அதனால் "சரக்கு ஏற்ற தேதி" என்று தேதி வகையில் ஒரு கஸ்டம் ஃபீல்ட் (நாமே சேர்க்கும் கட்டம்) வைத்து, ஷெட்யூலை அதில் கட்டுங்கள்.

#6 நள்ளிரவுடெவலப்பர்

அக்கா சொன்னதை அப்படியே செய்யப் போகிறவர்களுக்கு என் அனுபவம். ஒரு பார்மா விநியோகஸ்தரிடம் இதே ஏற்பாடு செய்தேன். "கிரியேட்டட் தேதியிலிருந்து 38 நாள், மெயில்" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஷெட்யூல் வேலை இயல்பாக மணிக்கு ஒருமுறை, ஐந்தாவது நிமிடத்தில் ஓடும். அது 38ஆவது நாளில் இருக்கும் பில்லை மட்டும் தேடுவதில்லை, 38 நாள் கடந்த எல்லாவற்றையும் எடுக்கும். ஏற்கெனவே இரண்டு வருடப் பில்கள் உள்ளே கிடந்தன. இராத்திரிக்குள் 600க்கு மேல் மெயில். மெயில் சர்வீஸ்காரர்கள் எங்கள் முகவரியையே நிறுத்திவைத்தார்கள். சனிக்கிழமை பூராவும் அதிலேயே போனது.

அதனால் ஷெட்யூலுக்கு ஒரு டேக் நிபந்தனை கட்டாயம். "பணம்-பாக்கி" டேக் உள்ளவை மட்டும். முதல் வாரம் மெயில் ஆக்ஷனே வேண்டாம், "கெடு-நெருங்குது" என்று ஒரு டேக் மட்டும் போடச் சொல்லுங்கள். எத்தனை ஆவணத்தில் விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் மெயிலுக்கு மாறுங்கள்.

இன்னொரு பொறி, அந்தக் கிரியேட்டட் தேதி. அது ஆவணத்தின் எழுத்துக்குள் தேடி மென்பொருள் ஊகித்த தேதி. பில்லின் மேல் பக்கம் பி.ஓ. தேதி முதலில் அச்சாகியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். பி.ஓ. ஒரு மாதம் பழசு என்றால் உங்கள் 180 நாள் கணக்கு ஒரு மாதம் முன்னாடியே முடிந்துவிடும். கெடு சம்பந்தப்பட்ட எந்தத் தேதியையும் ஒரு மனிதர் தட்டச்சு செய்த ஃபீல்டில் இருந்தே எடுங்கள்.

#7 ரெஜிஸ்டர்தாத்தா

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி விஷயத்தில் நான் கத்துக்குட்டி, பேரன் போட்டுக்கொடுத்த பேப்பர்லெஸில் வீட்டுப் பத்திரங்களை வைத்திருக்கிறேன். ஆனால் தாள் ஓடும் வழி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எங்கள் காலத்தில் தபால் வந்தால் முத்திரை, ந.க. எண். சம்பந்தப்பட்ட உதவியாளர் தன்பதிவேட்டில் பதிவார். அந்தத் தாள் பற்றி என்ன செய்தார், யாருக்கு எழுதினார், எப்போது பதில் வந்தது, எல்லாம் அந்த ஒரே வரியில் இருக்கும். வேலை முடிந்தால் சும்மா மூடிவிட முடியாது. எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று சேர்த்தே முடிக்க வேண்டும். நிரந்தரம் என்றால் நி.மு., பத்தாண்டு என்றால் ப.மு., மூன்றாண்டு மூ.மு., ஓராண்டு ஓ.மு. நீங்கள் இப்போது கஸ்டம் ஃபீல்ட், ஷெட்யூல் என்று செய்வதை நாங்கள் சிவப்பு மையில் இரண்டு எழுத்தில் செய்தோம்.

நான் கண்ட வரைக்கும், கோப்பு தாமதமாவது வழியில் இல்லை, இருக்கையில். பனியன்காரன் தம்பி, ஒர்க்ஃப்ளோவை ஒரு பக்கம் வையுங்கள். நாளைக் காலை உங்கள் ஸ்டோர் கீப்பர் மேசைக்குப் போய் எத்தனை பில் இருக்கிறது, அதில் மிகப் பழையது எந்தத் தேதி என்று எண்ணிவிட்டு வந்து எழுதுங்கள். மெர்ச்சண்டைசர் மேசையிலும் அப்படியே.

#8 பனியன்காரன்

ஐயா, எண்ணிவிட்டேன்.

மெர்ச்சண்டைசரிடம் 6 பில். கணக்கில் (அதாவது என் மேசையில், வெட்கமாக இருக்கிறது) 22. முதலாளியிடம் 4. ஸ்டோர் கீப்பர் மேசையில் சுவரோரம் ஒரு இரும்புக் கிளிப், அதில் 37. மிகப் பழையது 19 நாள். ஏன் அண்ணா இவ்வளவு என்று கேட்டேன். "ஸ்கேனர் மேல மாடில இருக்கு, சனிக்கிழமை மொத்தமா கொண்டு வருவேன். போன சனி லோடு வந்துடுச்சு, அதுக்கு முந்தின சனி லீவு" என்றார்.

என் 11 ஒர்க்ஃப்ளோவும் ஸ்கேன் ஆன பிறகுதான் ஆரம்பிக்கின்றன. அந்த 19 நாள் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

#9 கோவைமயில்

நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பேப்பர்லெஸ் ஒப்புதல் ஓட்டத்துக்கான மென்பொருளே இல்லை. அது ஆவணக் காப்பகம். டேக் என்பது வெறும் ஒட்டுச்சீட்டு. திருத்தும் உரிமை உள்ள யாரும் "சரிபார்க்க" என்பதைக் கழற்றிவிட்டு நேராக "பணம்-கொடு" ஒட்டிவிடலாம். நடுவில் மெர்ச்சண்டைசர் பார்த்தாரா என்று மென்பொருள் கேட்காது.

இதற்கு மாயன் ஈடிஎம்எஸ் பாருங்கள். அதுவும் ஓப்பன் சோர்ஸ். அங்கே ஒர்க்ஃப்ளோ என்றால் நிலைகள், நிலைகளுக்கு இடையில் மாற்றங்கள். ஆரம்ப நிலை ஒன்றுதான் இருக்க முடியும். "எடை சரி" நிலையிலிருந்து "ரேட் சரி"க்கு மட்டுமே மாற்றம் வரைந்திருந்தால், நேராகப் பணத்துக்குத் தாவ வழியே கிடையாது. எந்த மாற்றத்தை யார் செய்யலாம் என்றும் உரிமை வைக்கலாம். டாக்குமென்ட் டைப்போடு ஒர்க்ஃப்ளோவை இணைத்துவிட்டால் புதிதாக வரும் பில் தானாக உள்ளே நுழையும். ஏற்கெனவே உள்ள பழைய பில்களுக்குத் தானாக ஓடாது, டூல்ஸில் போய் ஏவ வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஷேர்பாயின்ட்டும் பவர் ஆட்டோமேட்டும் போதும். ஒப்புதல் கேட்டு அது வரும் வரை காத்திருக்கும் ஆக்ஷன் ரெடியாகவே இருக்கிறது, முதலாளி மெயிலுக்குள்ளேயே அப்ரூவ் பட்டனை அழுத்தலாம். ஒரு ஓட்டம் 30 நாளுக்கு மேல் நீடிக்காது, அதற்குள் பதில் வராவிட்டால் காலாவதி. உங்கள் முதலாளி எப்படி?

#10 சர்வர்சாமி

மயில் சொல்வது தொழில்நுட்பமாக நூற்றுக்கு நூறு சரி. ஆனாலும் இந்தக் கம்பெனிக்கு நான் மாயன் சொல்ல மாட்டேன்.

நாலு பேர் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். யார் எதைத் தாண்டிப் போனார்கள் என்று ஒவ்வொரு ஆவணத்தின் ஹிஸ்டரியிலும் பதிவாகிறது. ஆடிட் லாக் இயல்பிலேயே ஆனில்தான் இருக்கும். கதவுக்குப் பூட்டு இல்லை, கேமரா இருக்கிறது. மாதம் 400 பில்லுக்கு அது போதுமா என்றால், என் கணக்கில் போதும். ஏழெட்டு நிலை வரைந்து பூட்டிவிட்டால், மெர்ச்சண்டைசர் பையர் மீட்டிங்குக்குப் போன அன்றைக்கு எல்லாப் பில்லும் அவர் வாசலில் நிற்கும். அப்புறம் அவர் பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டுச்சீட்டாக வரும். எத்தனை ஆபீஸில் பார்த்திருக்கிறேன்!

ஆனால் ஒன்று. பணம் அனுப்பும் கடைசி ஒப்புதலை இங்கே வைக்கவே வைக்காதீர்கள். அது வங்கியின் மேக்கர்-செக்கரில் (ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புக்கொள்ளும் முறை) இருக்கட்டும். பேப்பர்லெஸில் பில் எங்கே நிற்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

#11 கோவைமயில்

நாலு பேர் நாற்பது பேர் ஆகும்போது இங்கேயே வந்து எழுதுவீர்கள், பார்க்கலாம். மேக்கர்-செக்கர் விஷயத்தில் உடன்படுகிறேன்.

#12 மதுரைக்காரி

இடையில் ஒரு எச்சரிக்கை. சம்பளப் பட்டியலையும் இதே கன்சியூம் போல்டரில் போடப் போகிறீர்களா? உரிமையாளர் குறிக்காத ஆவணம், ஆவணம் பார்க்கும் அனுமதி உள்ள எல்லோர் கண்ணிலும் படும். எங்கள் இடத்தில் தையல் பிரிவு போனஸ் பட்டியல் இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. அதற்கப்புறம் டீ டைமில் நடந்த பஞ்சாயத்தை நான் எழுதப் போவதில்லை.

"சம்பளம்" உள் போல்டருக்குக் கன்சம்ப்ஷன் ஸ்டார்ட்டட்டிலேயே உரிமையாளரையும் பார்க்கும் அனுமதியையும் போட்டுவிடுங்கள். ஆவணம் பிறக்கும்போதே பூட்டோடு பிறக்கும். அப்புறம், ஒர்க்ஃப்ளோவைத் திருத்தும் உரிமை எல்லோருக்கும் வேண்டாம். அது யாருடைய ஆவணம் என்று பார்க்காது, எல்லாவற்றின் மேலும் ஓடும்.

#13 பனியன்காரன்

அய்யோ, நல்ல வேளை சொன்னீர்கள் அக்கா. சம்பளம் வரும் திங்கள் ஏற்றுவதாக இருந்தேன். இன்றைக்கே உரிமை வைத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். கரஸ்பாண்டன்ட் பாதிப் பில்லில் தப்பாக விழுகிறது. ஒரு டையிங் யூனிட்டின் லோகோ வளைவான எழுத்து, ஓசிஆர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் படிக்கிறது. ஆட்டோ மேட்சிங் கற்றுக்கொள்ளும் என்றார்கள். மூன்று மாதமாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

#14 நள்ளிரவுடெவலப்பர்

புதிதாக வந்த ஆவணத்தில் விழும் இன்பாக்ஸ் டேக்கைக் கழற்றுகிறீர்களா? இன்பாக்ஸ் டேக் உள்ள ஆவணங்களிலிருந்து ஆட்டோ கற்றுக்கொள்ளாது. "இன்னும் சரிபார்க்காதது" என்று அவற்றை ஒதுக்கிவிடும். எல்லாம் இன்பாக்ஸிலேயே கிடந்தால் அது படிக்கப் பாடப் புத்தகமே இல்லை.

ஆனால் சப்ளையருக்கு ஆட்டோவே வேண்டாம். பெயரையும் விடுங்கள், ஜிஎஸ்டி எண்ணைப் பிடியுங்கள். லோகோ எப்படி வளைந்தாலும் ஜிஎஸ்டி எண் நேரான எழுத்தில்தான் இருக்கும். எழுத்தும் எண்ணுமாக 15. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். ஒரே நூல் மில்லுக்கு இரண்டு மாநிலத்தில் பதிவு இருந்தால் ஜிஎஸ்டி எண் மாறும், நடுவில் உள்ள பான் மாறாது. அதனால் பானைத் தேடச் சொல்லுங்கள். எக்ஸாக்ட் வகையில் கொடுத்தால் பொருந்தாது, அது முழுச் சொல்லாகத் தேடும், பானோ பெரிய எண்ணின் வயிற்றுக்குள் இருக்கிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும்) வகையைத் தேர்ந்தெடுங்கள். சைபரும் ஓ எழுத்தும் ஓசிஆருக்கு ஒன்றுதான், பானில் சைபர் வரும் இடத்தில் இரண்டையும் ஏற்கும்படி எழுதுங்கள்.

உங்கள் சொந்த ஜிஎஸ்டி எண் எல்லாப் பில்லிலும் வாங்குபவர் கட்டத்தில் இருக்கும். தெரியாத்தனமாக அதை ஒரு கரஸ்பாண்டன்ட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒருவர் கொடுத்தார், மொத்தக் காப்பகமும் அவர் பெயரிலேயே போய் விழுந்தது.

தமிழில் அச்சடித்த பில் இருந்தால் ஓசிஆருக்குத் தமிழை முதலில் நிறுவ வேண்டும், பிறகு ஆங்கிலத்தோடு சேர்த்துப் பயன்படுத்தவும் சொல்ல வேண்டும். இரண்டும் தனித்தனி அமைப்பு. கையால் எழுதிய பில்லுக்கு ஆசைப்படாதீர்கள், கையாலேயே தேர்ந்தெடுங்கள்.

#15 ஈரோட்டுக்கணக்கர்

ரெஜிஸ்டர் ஐயா சொன்ன ஓ.மு., ப.மு. மனதில் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்துக் கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 பில் என்றால் ரிட்டர்ன் கெடு 31.12.2025, ஆகவே 31.12.2031 வரை. மேல்முறையீடு நடந்தால் இன்னும் நீளும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிச் சட்டத்தில் 8 நிதியாண்டு. இரண்டில் நீளமானதை எடுங்கள். "வைத்திருக்கும் கடைசி நாள்" என்று ஒரு ஃபீல்ட், அந்த நாளில் ஷெட்யூலில் ஒரு டேக். அழிப்பதை மட்டும் ஒர்க்ஃப்ளோவிடம் கொடுக்காதீர்கள். டேக் விழுந்த பட்டியலை வருடம் ஒருமுறை நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

#16 பனியன்காரன்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், ஷிப்மென்ட் நேரம்.

11 ஒர்க்ஃப்ளோவில் இப்போது 5 மிச்சம்.

ஸ்கேனரைக் குடோனுக்கு இறக்கிவிட்டேன். முதலாளியிடம் காரணம் சொன்னபோது "இதுக்குத்தான் சாஃப்ட்வேரா" என்றார், ஆனால் கேபிள் இழுக்கக் காசு கொடுத்தார். நாலு பட்டன்: கொள்முதல், ஜாப் ஒர்க், சலான், மற்றவை. நாலு போல்டர், ஒரே ஒரு ஒர்க்ஃப்ளோவில் நாலு... இல்லை, அது சரியாக வரவில்லை, ஒரு ஒர்க்ஃப்ளோவில் எத்தனை ட்ரிகர் வைத்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே ஆக்ஷன்தான் ஓடும். அதனால் "மற்றவை"யை விட்டுவிட்டு மூன்று தனி ஒர்க்ஃப்ளோ. சம்பளம் மாடியில் என் மேசையிலிருந்தே ஏறுகிறது, அதற்கு உரிமை வைக்கும் ஒன்று நாலாவது. ஐந்தாவது, கெடு நெருங்கும் டேக். சலான் 330 நாளும் 45 நாளும் இன்னும் ஒன்றாகவே கிடக்கின்றன, பிரிக்க வேண்டும்.

மெயிலை முழுதாக எடுத்துவிட்டேன். முதலாளிக்கு டேஷ்போர்டில் "ஒப்புதலுக்கு" என்று ஒரு சேவ்ட் வியூ (சேமித்து வைத்த தேடல் பட்டியல்). காலையில் டீ குடித்துக்கொண்டே போனில் பார்க்கிறார். அவர் "சரி" டேக் போடுவதில்லை, என்னைக் கூப்பிட்டு "அந்த மூணையும் விடு" என்கிறார், நான் போடுகிறேன். ஹிஸ்டரியில் என் பெயர்தான் விழுகிறது. மயில் அண்ணா திட்டுவார் என்று தெரியும்.

ஸ்டோர் கீப்பர் அண்ணாவுக்கு ஒரே ஒரு வேலை கூடுதல். ஸ்கேன் முடிந்ததும் "சரக்கு ஏற்ற தேதி" ஃபீல்டை அவரே நிரப்புகிறார். முதல் வாரம் எல்லாவற்றுக்கும் அன்றைய தேதியே போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு லோடு சேர்ந்து செய்தோம், இப்போது சரி.

#17 கோவைமயில்

திட்ட மாட்டேன். ஆனால் முதலாளிக்கு ஒரு லாகின் கொடுத்து அந்த டேக்கை அவரையே ஒருமுறை போட வைத்துப் பாருங்கள். ஆடிட்டர் கேட்கும்போது உங்கள் பெயர் இருப்பது உங்களுக்குத்தான் ஆபத்து.

#18 ஈரோட்டுக்கணக்கர்

இதை நான் இரண்டு கையாலும் வழிமொழிகிறேன், தம்பி.

#19 பனியன்காரன்

சரி அக்கா. திங்கட்கிழமை லாகின் போட்டுத் தருகிறேன். பாஸ்வேர்டை மட்டும் மானிட்டரில் ஒட்ட விட மாட்டேன்.

#20 ரெஜிஸ்டர்தாத்தா

மகிழ்ச்சி. இப்போது எண்ணிக்கை எவ்வளவு? அந்த இரும்புக் கிளிப் இருக்கிறதா, எடுத்துவிட்டீர்களா?

#21 பனியன்காரன்

இன்று காலை எண்ணியது: குடோனில் 3, மெர்ச்சண்டைசரிடம் 5, என்னிடம் 9, முதலாளியிடம் 2. மிகப் பழையது 6 நாள், அது ஷேடு மாறிப்போன டையிங் பில், சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

கிளிப் அங்கேயேதான் இருக்கிறது ஐயா. அதில் இப்போது டீக்கடை பில் மட்டும்.